மூன்றாவது கட்டம்

என் கடை ரசீதில் மூன்று கட்டங்கள் அச்சாகியிருக்கும். சரிசெய்யப்பட்டது, உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கிறது, சரிசெய்ய இயலாது. கடை திறந்து பதினேழு வருஷமாகிறது. மூன்றாவது கட்டத்தில் நான் பேனா வைத்ததே இல்லை. இரண்டாவது கட்டத்தில் எட்டு வருஷமாகக் கிடக்கிற மிக்சி ஒன்று அலமாரியில் உண்டு. அதன் சொந்தக்காரி செத்தே போனாள். ஆனாலும் அதை மூன்றாவது கட்டத்துக்குத் தள்ள எனக்கு மனசு வராது. திமிர் என்றால் திமிர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் சுல்மிரா அக்காவின் காரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை அன்செல்மோ அண்ணன் நெஞ்சோடு அணைத்து இறக்கிக் கொண்டுவந்தார். பெட்டியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. இபிரா 800. பழுப்பேறிய பிளாஸ்டிக், முன்பக்கம் பச்சை விளக்கு, பெயருக்குக் கீழே வால் நீண்ட ஒரு கிளி. இருபது வருஷத்துக்கு முன்னால் அதைச் செய்த கம்பெனியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதை அப்போது சொல்லவில்லை.

சுல்மிரா அக்கா எங்கள் ஊரான பெட்ரா லிசாவின் பறவைச் சங்கத் தலைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். குரியோ என்கிற சின்னப் பறவைகளின் பாட்டுப் போட்டிகளில் இருபத்தைந்து வருஷமாக நடுவர். கூண்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு அவர் நின்றால் வளர்த்தவனுக்கு நாக்கு வறண்டுவிடும்.

"யாரு எரிச்சது?" என்றேன். பெட்டியிலிருந்து கருகிய மீன் வாடை வந்துகொண்டிருந்தது.

"நான்தான்," என்றார் அக்கா. தப்பை ஒத்துக்கொள்ளும்போதும் அவர் குரல் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோலத்தான் இருக்கும். "சங்கத்துல சுவர்ல ஒரு பிளக் இருந்துச்சு. சொருகினேன்."

"எந்தப் பிளக்கு?"

"பாஸ்டல் பலகாரம் பொரிக்கிற கரண்ட் அடுப்புக்குப் பக்கத்துல."

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒரே சுவரில் நூற்று இருபத்தேழு வோல்ட்டும் இருக்கும், இருநூற்று இருபதும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே முகம். பொரிக்கிற அடுப்புக்குப் போட்டது எது என்று பொரிக்கிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"படார்னு ஒரு சத்தம். அப்புறம் புகை," என்றார் அன்செல்மோ அண்ணன். "அது செத்துருச்சு ஜுசாரா. விட்டுரு."

அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். மரவேலைக்காரர், அறுபத்தேழு வயது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அவரிடம் ஒரு குரியோ உண்டு. கட்டைவிரல் பருமனில் கறுப்பு முதுகும் செங்கல் நிற வயிறுமாக ஒரு பறவை. பெயர் கர்னல். ஒரு காலத்தில் மாவட்டக் கோப்பை ஜெயித்தவன். இப்போது கிழவன், ஒரு கண் பால் நிறமாகிவிட்டது. தீனிக் கிண்ணத்தைத் தேடித் தடவித்தான் போவான்.

விஷயம் இதுதான். வீட்டில் வளர்கிற குரியோக்களை எல்லாம் அரசாங்கம் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னது. கூண்டில் பிறந்ததற்குச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் காட்டில் பிடித்ததென்று எடுத்துப் போய்க் காட்டில் விட்டுவிடுவார்கள். குஞ்சாக இருக்கும்போதே காலில் போடுகிற எண் வளையமும் சங்கத்தின் அட்டையும்தான் சான்று. எல்லோரும் அட்டையைக் காட்டிப் பதிந்துகொண்டார்கள். அண்ணன் மட்டும் தன் அட்டை வெள்ளத்தில் போய்விட்டது என்றார். வனத்துறை அதிகாரி வந்து கர்னலின் காலைப் பார்த்தார். வளையம் கொஞ்சம் தளர்வாக, தேய்ந்தாற்போல இருக்கிறதே என்றார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் திரும்பி வருவேன், அதற்குள் சங்கத்துப் பதிவைக் காட்டுங்கள், இல்லையென்றால் பறவையைக் கொண்டுபோவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சங்கத்துப் பதிவு முழுக்க அந்த இபிராவுக்குள் இருந்தது. போன வருஷம் இறந்துபோன செயலாளர் பெலார்மினோ ஒவ்வொரு பறவையையும் தன் கையால் அதில் ஏற்றிவைத்திருந்தார்.

"கடிதாசில இன்னொண்ணும் எழுதியிருக்கும்மா," என்று அண்ணன் காகிதத்தை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். "மெஷினைச் சரிசெய்யவே முடியாதுன்னு ஒரு மெக்கானிக் எழுதிக் குடுத்தா, தலைவரும் இன்னும் ரெண்டு உறுப்பினரும் சத்தியக் கையெழுத்துப் போட்டாப் போதுமாம். உன்கிட்டதான் அந்த மூணாவது கட்டம் இருக்கே. ஒரு கோடு போடு. அஞ்சு நிமிஷ வேலை."

"மெஷினுக்கு உயிர் இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன் அன்செல்மோ," என்றார் சுல்மிரா அக்கா. "பதிவு இருக்கும்போது சத்தியம் எதுக்கு?"

"நானும் கோடு போட மாட்டேன்," என்றேன். "பாக்காமலே செத்துருச்சுன்னு எழுத நான் என்ன குறி சொல்றவளா? உங்க பறவைதானே அண்ணே? பதிவைக் காட்டி நெஞ்சை நிமித்திக்கிட்டு வாங்குங்க. எதுக்கு ரெண்டு பேர்கிட்ட கையெழுத்துக்குப் பல்லிளிக்கணும்?"

அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக இருந்தது. பறவை போய்விடுமே என்ற பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா போகிறபோது ஒரு தகரப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். புதிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பவர் சப்ளை. "என் தங்கச்சி மகன் குடுத்தான். உள்ள இருக்கிறதைத் தூக்கி எறிஞ்சிட்டு இதை வச்சிரலாமாம். சிவப்பு ஒயருக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். உலகம் பூரா அதே கலர்தானாம்."

"பாக்கலாம்," என்றேன்.

மூடியைக் கழற்றினேன். பவர் சப்ளை தனியாக ஓர் அலுமினியக் கூண்டுக்குள் இருந்தது. இரண்டு பெரிய மின்தேக்கிகள் மண்டை பிளந்து கிடந்தன. ஃபியூஸ் கண்ணாடிக்குள் கரி. வரைபடம் கிடையாது. கம்பெனி மூடிப் பதினைந்து வருஷமாகிறது. மூடாமல் இருந்த காலத்திலும் அது யாருக்கும் வரைபடம் கொடுத்ததில்லை. நடுவில் பதினாறு கால் உள்ள கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று இருந்தது. அதன் முதுகில் மயிரிழை விரிசல். எந்தச் சில்லு என்று பார்க்க விளக்கைச் சாய்த்தேன்.

எண் இல்லை. அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள்.

தேய்த்த கோடுகள் எல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்தேன். வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. எங்கள் முதலாளி ஒரு அமெரிக்க மெஷினைப் பிரித்துப் பார்த்து அப்படியே செய்தார். தான் காப்பி அடித்ததைப் பிறர் காப்பி அடித்துவிடுவார்களோ என்று அவருக்கு ராத்தூக்கம் கிடையாது. அதற்காகப் பன்னிரண்டு பெண்களை ஒரு நீள மேஜையில் உட்காரவைத்துச் சில்லுகளின் எண்களைத் தேய்க்கச் சொன்னார். வைத்த பேரை அழிப்பதால், எங்களுக்குள் அந்த அறைக்கு ஞானஸ்நானத்தைத் திருப்பி எடுக்கிற அறை என்று பேர். ஒரு நாளைக்கு நானூறு தேய்ப்பேன். ஜுசாரா தேய்த்தால் அந்தச் சில்லைப் பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது என்று மேஸ்திரி எல்லோர் முன்னிலும் சொன்னார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் இடக்கைக்காரி நான் ஒருத்திதான்.

எனக்கு நானே வைத்த ஆப்பு இருபது வருஷம் கழித்து வந்து சேர்ந்திருந்தது. எத்தனை யோசித்தும் அந்த எண் நினைவுக்கு வரவில்லை. தினம் நானூறு தடவை பார்த்த எண். அழிக்கிறவள் எதற்குப் படிக்கப்போகிறாள்?

புதன்கிழமை முழுக்கக் குனிந்தே கிடந்தேன். எண் போனாலும் கால்கள் போகவில்லை அல்லவா? தகட்டின் பின்பக்கத்தில் செம்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காகிதத்தில் வரைந்தேன். அந்தக் காலத்தில் இந்த வேலைக்கு இரண்டே வகைச் சில்லுகள்தான் புழக்கத்தில் இருந்தன. ஒன்றுக்கு ஏழாவது கால் தரைக்குப் போகும், இன்னொன்றுக்கு எட்டாவது. மாற்றிப் போட்டால் வெளியே வரவேண்டிய அளவு தறிகெட்டுப் போகும். எண்களும் எழுத்துகளும் ஐந்து வோல்ட்டில் ஓடுகிறவை. அங்கே பத்து போனால் பதிவு வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க் அந்த நொடியே போய்விடும். அப்போதெல்லாம் அதை வின்செஸ்டர் என்போம். அதற்கு இன்னொரு பிரதி கிடையாது.

ஏழாவது கால். மூன்று தடவை சரிபார்த்தேன். ஏழாவதேதான். அந்த வகைச் சில்லு என் கடையில் மூலைக்கு மூலை உண்டு. தூக்கி எறிந்த கம்ப்யூட்டர்களில் எல்லாம் இருக்கும். ஒன்றை உருவிப் போட்டேன். மின்தேக்கிகளையும் செத்துப்போயிருந்த ஒரு டிரான்சிஸ்டரையும் மாற்றினேன்.

அண்ணன் காலையிலிருந்து நான்கு தடவை வந்துவிட்டார். முதல் தடவை காப்பி. இரண்டாம் தடவை சுடச்சுடச் சீஸ் ரொட்டி. மூன்றாம் தடவை கையில் ஒன்றுமில்லை.

"நடக்குமா?"

"நடக்கும்."

"நடக்காமலும் போகலாம்ல?"

"அண்ணே, நீங்க எந்தக் கட்சி?"

நான்காம் தடவை வந்தபோது பிளக்குக்கும் சப்ளைக்கும் நடுவில் நூறு வாட் பல்பு ஒன்றைத் தொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு முழு வெளிச்சம் போடும், பொருள் பிழைத்துக்கொள்ளும். கோளாறு இல்லாவிட்டால் பளிச்சென்று மின்னி மங்கிவிடும். பொத்தானை அழுத்தினேன். பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது.

"போச்சா?" என்றார். அந்தக் குரலில் ஏதோ ஒரு ஆசை இருந்தது. எனக்குச் சுரீர் என்றது.

"போகல. இன்னொரு டிரான்சிஸ்டரும் செத்திருக்கு. வாசல்ல போய் நில்லுங்க. என் கவனமெல்லாம் சிதறுது உங்களால."

வாசலில் போய் நின்றார். உள்ளே திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வியாழன் காலையில் பல்பு மின்னி மங்கியது. ஒரு நிமிஷம் கண்ணை மூடி அன்னை அபரெசிடாவுக்கு நன்றி சொன்னேன். இந்த மாதிரி சப்ளைகள் சுமையில்லாமல் ஓடாது. அதனால் மோட்டார் சைக்கிள் விளக்கு ஒன்றைச் சுமையாக மாட்டி, சிவப்பு ஒயரில் மீட்டரை வைத்தேன். சிவப்பு ஐந்து காட்ட வேண்டும், மஞ்சள் பன்னிரண்டு.

பன்னிரண்டு காட்டியது.

பிளக்கைப் பிடுங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். சில்லு தப்பா? ஏழாவது கால் இல்லையா? மறுபடி தடங்களைப் பிடித்தேன். எல்லாம் சரி. மறுபடி ஓட்டினேன். பன்னிரண்டு. மத்தியானம் சாப்பிடவில்லை. ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றி அளந்து திரும்ப வைத்தேன். எதிலும் குறையில்லை, அதுதான் பயமாக இருந்தது. குறை தெரிந்தால் சரிசெய்யலாம்; ஒன்றும் தெரியாமல் தப்பாக ஓடுகிற பொருளை என்ன செய்வது? நான்கு மணிக்கு என் கண் அந்தத் தகரப் பெட்டிமேல் போயிற்று. புத்தம் புதுச் சப்ளை. சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். அதைக் கையில் எடுத்துவிட்டேன். இபிராவின் ஒயர்களைத் துண்டித்து முனைகளைச் சீவியும் விட்டேன். முறுக்கிச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

கையைத் தடுத்தது என் திமிர்தான். தோற்பதென்றாலும் காரணம் தெரிந்து தோற்கிறேன் என்று பழைய தகட்டை ஒரு தடவை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

சிவப்பு ஒயர் போய் முடிகிற இடத்தில் இருந்த மின்தேக்கியில், தாங்கும் அளவு இருபத்தைந்து வோல்ட் என்று அச்சாகியிருந்தது. மஞ்சள் முடிகிற இடத்தில் பத்து வோல்ட். ஐந்து வருகிற இடத்தில் யாராவது இருபத்தைந்தைப் போடுவார்களா? பன்னிரண்டு வருகிற இடத்தில் பத்தைப் போட்டால் தாங்குமா? சில்லுகளைத்தான் தேய்த்தோம், மின்தேக்கியைத் தேய்க்க யாரும் சொல்லவில்லை.

கலரை மாற்றியிருந்தார் எங்கள் பழைய முதலாளி. இந்த மெஷினில் மஞ்சள்தான் ஐந்து, சிவப்புதான் பன்னிரண்டு. காப்பி அடிக்கிறவனோ, அவரிடம் வராமல் வெளியே ரிப்பேர் பார்க்கிறவனோ, உலக வழக்கப்படி சிவப்புக்குச் சிவப்பு சேர்த்தால் அந்த நொடி எல்லாம் சாம்பல். என் சப்ளை முதல் தடவையே சரியாகத்தான் ஓடியிருக்கிறது. மஞ்சளையும் ஒரு தடவை அளந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். காலையிலிருந்து ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளைக்குக் கஷாயம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தத் தகரப் பெட்டியை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினேன். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டேன். ஒரு முறுக்கு. இன்னும் ஒரே ஒரு முறுக்கில் பதிவு முழுக்கப் போயிருக்கும்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே அண்ணன் வந்துவிட்டார். கூண்டையும் துணி மூடிக் கொண்டுவந்திருந்தார். நேற்றே சொல்லியனுப்பியிருந்தேன், ஜெயித்துவிட்டோம் என்று. ஜெயித்தவன் முகமாக இல்லை அது.

ஒயர்களைச் சரியான ஜோடியில் சேர்த்துப் பொத்தானை அழுத்தினேன். வின்செஸ்டர் முனகிக்கொண்டே வேகம் பிடித்தது. திரையில் பச்சைப் புள்ளி ஒன்று சிமிட்டியது. பிறகு எழுத்துகள் வந்தன. பெட்ரா லிசா பறவைச் சங்கம். நான் கைதட்டிவிட்டேன். வரைபடம் இல்லை, எண் இல்லை, கலர்கூடப் பொய், அப்படியும் எழுப்பிவிட்டேன். ஊரையே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது.

"வளைய நம்பர் சொல்லுங்க அண்ணே."

"நானூத்திப் பதினேழு." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

தட்டினேன்.

பெயர் கர்னல். ஆண். தகப்பன் 288, தாய் 301. வளர்ப்பவர் அன்செல்மோ. நிலை: இறந்தது, 9 ஆகஸ்ட் 1991.

இரண்டு தடவை படித்தேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் அந்த மிக்சி இருக்கிற அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அழிச்சிட்டேன்னு சொன்னானே," என்றார். "பெலார்மினோ, அழிச்சிட்டேன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னானே."

"என்னத்த அழிச்சாரு? கூண்டுக்குள்ள இருக்கிறது யாரு?"

தரையைப் பார்த்தே சொன்னார். நிஜக் கர்னல் அந்த ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை காலையில் செத்துக் கிடந்தான். அழுதுகொண்டே போய்ப் பெலார்மினோவிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டி. தன் பறவைதான் ஜெயிக்கும் என்று ஊர் முழுக்கப் பீற்றியிருந்தார். சனிக்கிழமை சந்தையில் காட்டிலிருந்து பிடித்து வந்த ஒரு இளம் குரியோ பாடுவதைக் கேட்டார். வாங்கினார். செத்தவன் காலிலிருந்து வளையத்தைக் கழற்றி, உள்பக்கம் அரத்தால் தேய்த்துப் பெரிதாக்கி, இவன் காலில் ஏற்றினார். இவன் ஜெயித்தும் விட்டான். செத்ததைப் பதிவிலிருந்து அழித்துவிடும்படி பெலார்மினோவிடம் கெஞ்சினார். அட்டையை வெள்ளம் கொண்டுபோகவில்லை. அவரே அடுப்பில் போட்டார்.

அரத்தால் தேய்த்து! பதின்மூன்று வருஷம் அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறேன், அந்தக் காலை ஒரு தடவை உற்றுப் பார்க்கவில்லை நான்.

"மூணு நாளா என்னைக் கொன்னீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிம்மா சொல்வேன்? அவன் அழிச்சிருந்தா சொல்லவே வேண்டாமேன்னு இருந்தேன். ஞாயித்துக்கிழமை உன் வீட்டுல எப்படி உக்காருவேன்?"

"இப்ப மட்டும் எப்படி உக்காருவீங்க? கிழட்டுப் பொய்யா!"

"இதுல மாத்திரலாம்ல? ஒரு வார்த்தைதானே ஜுசாரா? இறந்ததுங்கறதை எடுத்துட்டா..."

திருத்தம் என்ற இடத்தைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்டது. பெலார்மினோவின் மனைவி பெயர். இல்லை. அவர் பறவையின் பெயர். இல்லை. ஊரின் பெயர். பூட்டிக்கொண்டது. பதிவைப் படிக்கலாம், தொட முடியாது. அழித்துவிட்டேன் என்று நண்பன் மனசுக்காகப் பொய் சொன்ன மனுஷன், பதிவில் பொய் எழுத மாட்டேன் என்று இருந்திருக்கிறார்.

ஒன்பதே முக்கால். அதிகாரியை அக்கா பத்து மணிக்குக் கடைக்கே கூட்டி வருவதாக ஏற்பாடு. கூண்டின் துணியை விலக்கினேன். அவன் தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான். பதின்மூன்று வருஷம் கிண்ணத்தில் தின்றவன். காட்டில் விட்டால் இரண்டு நாள். பாம்புக்கோ பருந்துக்கோ தெரியாமல் ஒரு கிளையில் உட்காரக்கூட அவனுக்கு அந்த ஒற்றைக் கண் போதாது. பொய் சொன்னது அண்ணன். வளையத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது இவன் இல்லையே.

மெஷினை அணைத்துவிட்டு ஓடவில்லை என்று சொல்லலாம். சுல்மிரா அக்கா விடமாட்டார், பொத்தானை அவரே அழுத்திப் பார்ப்பார். அதைவிட, ஓடுகிற பொருளை ஓடாது என்று நான் எழுத மாட்டேன். நான் எழுதினால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

மேஜைக் கோடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தேன்.

"என்ன பண்றே?" என்றார் அண்ணன்.

"பேசாதீங்க."

என் சப்ளையைக் கழற்றினேன். புதுசின் சிவப்பை எடுத்து இபிராவின் சிவப்போடு முறுக்கினேன். மஞ்சளை மஞ்சளோடு. உலகத்தில் எந்த மெக்கானிக்கும் அப்படித்தான் முறுக்குவான். வின்செஸ்டர் இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் கையை வைத்தேன். மன்னிச்சிருடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் பொத்தானை அழுத்தினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. டப், டப் என்று இரண்டு. ஒரு நூல் புகை. அவ்வளவுதான்.

வாசலில் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சுல்மிரா அக்கா முன்னால் வந்தார், பின்னால் கையில் எழுதும் அட்டை பிடித்த அதிகாரி. அவர்களுக்குப் பின்னால், ஒருவேளை கையெழுத்து தேவைப்பட்டால் என்று கூட்டி வந்த இரண்டு உறுப்பினர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மூக்கைச் சுளித்தார்கள்.

"என்ன ஆச்சும்மா?" என்றார் அதிகாரி.

"சிவப்பைச் சிவப்போட சேர்த்தேன். மஞ்சளை மஞ்சளோட."

குனிந்து பார்த்தார். "சரியாத்தானே சேர்த்திருக்கீங்க?"

"ஆமா. சரியாத்தான் சேர்த்தேன். எரிஞ்சிருச்சு."

சுல்மிரா அக்கா பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். வின்செஸ்டர்மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் நீட்டினேன். உறுப்பினர்கள் இருவரும் போட்டார்கள். அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பதிவு இனிக் கிடைக்க வழியில்லை என்பதை ஒருமுறை சத்தமாகக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, போட்டார். அதிகாரி முத்திரை குத்தி அண்ணன் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். உறுப்பினர்களும் அவரோடு போய்விட்டார்கள்.

புகை அடங்கியதாலோ என்னவோ, அப்போதுதான் கூண்டுக்குள் அவன் பாடினான். கிழக்குரல்தான். இடையில் இரண்டு தடவை மூச்சு வாங்கினான். அக்கா பழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரைக்கும் நின்று கேட்டார்.

"அன்செல்மோ," என்றார் கண்ணைத் திறக்காமலே, "கர்னல் மூணாவது அடியில இழுப்பான். இவன் ஒருநாளும் இழுத்ததில்லை."

அண்ணன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"தொண்ணூத்தி ஒண்ணுல கூண்டு முன்னாடி நின்னப்பவே தெரியும். நான் அன்னிக்குப் பாட்டுக்குத்தான் மார்க் போட வந்தேன், பேருக்கு இல்லை. போட்டேன்." என் பக்கம் திரும்பினார். "மெஷின் சொன்னா நான் கேட்டிருப்பேன் ஜுசாரா. அது சொல்லலை, இல்லையா?"

"சொல்லலை அக்கா," என்றேன்.

தன் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர், அந்தத் தகரச் சப்ளையைத் தங்கச்சி மகனிடம் திருப்பித் தர வேண்டுமே என்று திரும்பி வந்து அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க," என்றேன். "ஞாயித்துக்கிழமை வந்துருங்க. அவனையும் கொண்டாங்க. ஒரு மாசத்துக்கு பாத்திரம் நீங்கதான் கழுவணும்."

கூண்டை அணைத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு இபிராவின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். நான் பழுது பார்த்த அந்தச் சப்ளை மேஜை ஓரத்தில் இருந்தது. அதை மட்டும் பிளக்கில் மாட்டி, மோட்டார் சைக்கிள் விளக்கைச் சேர்த்தேன். பன்னிரண்டு. ஐந்து. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.